கருவிகளுக்கு மூன்று நாள் லீவு

ஒரு புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகருடைய மூன்று கிட்டார்கள் என் கையால் தேய்க்கப்பட்டவை என்று சொன்னால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். மீதிப்பேர், "ஆர் அவர்? எங்கடை படங்களிலை பாடினவரோ?" என்று கேட்பார்கள். அவர் கன்ட்ரி பாட்டுக்காரர். அகன்ற தொப்பி போட்டுக்கொண்டு நெடுஞ்சாலை, லொறி, விட்டுப்போன மனைவி என்று பாடுகிறவர். அவருடைய பேரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சொல்ல அதிகமும் இல்லை, ஏனென்றால் நான் அவரை ஒருநாளும் நேரில் கண்டதில்லை. அவருடைய இடக்கைப் பெருவிரலை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் வேலை செய்யும் பட்டறை டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் ஊரிலிருந்து காரில் இருபது நிமிடம். முன்பு பால் சேகரிக்கும் இடமாக இருந்த கட்டடம். முதலாளியோடு சேர்த்து ஆறு பேர். அதற்கு முன் பதினைந்து வருடம் ஒரு தொழிற்சாலையில் சின்னப் பெட்டிகளைப் பெரிய பெட்டிகளுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பகுதியை மூடியபோது வேலை தேடித் தரும் யொப்சென்டரில் இருந்தவர்கள் நான்கு கிழமைப் பயிற்சி என்று என்னை இங்கே அனுப்பினார்கள். நான் வீட்டுக்கு வந்து கத்தினேன். "கிட்டார் பட்டறையிலை நான் என்னத்தைச் செய்யிறது? வாசிக்கிறதோ?"

"போய்ப் பாரும். பிடிக்காட்டி விடும்," என்றார் கணவர். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார். பிடித்துவிட்டது. அந்த நான்கு கிழமை இப்போது ஒன்பது வருடமாகிவிட்டது.

முதல் நாள் எனக்கு மேசை இருக்கவில்லை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் கைப்பையைப் பிடித்தபடி நின்றேன். கிட்டாரில் இடக்கை பிடிக்கும் கழுத்துப் பகுதியைச் செதுக்குகிறவர் தன் சாமான்களை ஒரு பக்கமாகத் தள்ளி, மேசையில் சரி பாதியைத் துடைத்துவிட்டார். அந்தப் பாதிதான் இன்றைக்கும் என்னுடைய மேசை. வீட்டில் நான் அவரைக் கழுத்துக்காரர் என்றுதான் சொல்வேன். அறுபதைத் தாண்டியவர், நெடிய மனிதர், ஒரு நாளைக்குப் பத்து வசனம் பேசினால் அதிகம். வெள்ளிக்கிழமைகளில் மரத்துண்டுகளைக் கூட்டி அள்ளி மூலையில் இருக்கும் இரும்பு அடுப்பில் போட்டு எரிப்பதும் அவர்தான். இங்கே அவரும் முதலாளியும் பேசுவதை நான் என் தமிழிலேயே எழுதுகிறேன். டேனிஷில் எல்லோரும் எல்லோருக்கும் "நீ"தான். எனக்கு அது இன்னும் கூசுகிறது. அதனால் மரியாதையை நானாகவே போட்டுக்கொள்கிறேன்.

பாட்டுக்காரர் கேட்டது மேடைக்கான மூன்று கிட்டார்கள். மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பெரிய ஒலிபெருக்கிகளுக்கு முன்னால் நின்று வாசித்தாலும் ஊளையிடக் கூடாது. மேடை விளக்கு பட்டால் மினுங்கவும் கூடாது, மங்கலான கறுப்பாக இருக்க வேண்டும். மினுங்க வைப்பது சுலபம். மினுங்காமல் வழவழப்பாகத் தேய்ப்பதற்குத்தான் என்னைப் போல ஒரு பிடிவாதக்காரி வேண்டும்.

ஆனால் உண்மையான சோலி கழுத்தில் இருந்தது. அவர் இளந்தாரியாக இருந்த காலத்தில் பண்ணை இயந்திரம் ஒன்று அவருடைய இடக்கைப் பெருவிரலை உடைத்துவிட்டதாம். அது சரியாக மடங்காது. அதற்கு ஏற்றபடி அவருடைய பழைய கிட்டாரின் கழுத்தை யாரோ ஒரு பக்கம் மட்டும் சீவிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கழுத்தைப் பிடித்தால் இரண்டு மணித்தியாலம் வாசிப்பார். வேறு கழுத்து என்றால் அரை மணியில் விரல் விறைத்துவிடும். பழையது இனி மேடைக்குத் தாங்காது. ஆகவே அதே கழுத்தோடு புதியவை வேண்டும்.

அவர் கோபன்ஹேகனில் பாட வந்தபோது அவருடைய ஆள் ஒருவர் அந்தப் பழைய கிட்டாரைக் காரில் எங்களிடம் கொண்டுவந்தார். ஒரு பின்னேரம்தான் தந்தார். முதலாளியும் கழுத்துக்காரரும் மெல்லிய பலகைத் துண்டு இரண்டில் பிறைபோல வெட்டினார்கள். கழுத்தின் மேல்முனைக்கு ஒன்று, அடிமுனைக்கு ஒன்று. கழுத்தோடு வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே ஒரு சுரண்டல். பிறகு மறுபடியும் பிடிப்பார்கள். நான்கு மணித்தியாலம் இதுதான் நடந்தது. கடைசியில் துளி வெளிச்சமும் கசியவில்லை. அச்சுப் பலகை என்று நாங்கள் சொல்லும் அந்த இரண்டு துண்டுகளையும் ஒரு நூலில் கட்டி ஆணியில் மாட்டினார்கள். கிட்டார் போய்விட்டது. பாட்டுக்காரரின் பெருவிரல் அந்த இரண்டு பலகைத் துண்டுகளில் மட்டும் எங்களோடு இருந்தது. அதற்கு ஒரு பிரதி எடுத்து வைக்கலாம் என்று ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதால் நான் இதற்கு மேல் பேசக் கூடாது.

இனி என் பக்கத்துக் கதை. நவராத்திரியின் கடைசி மூன்று நாளும் எங்கள் வீட்டில் சரஸ்வதிக்குக் கும்பம் வைப்பது வழக்கம். புத்தகம், கருவி எல்லாம் கும்பத்தடிக்குப் போகும். விஜயதசமி காலையில் விளக்கேற்றி எடுக்கும்வரை ஒருவரும் தொடக் கூடாது. இந்தச் சட்டத்தை வீட்டில் போட்டது நான்தான். மகள் கணிதப் புத்தகத்தை மிகுந்த பக்தியோடு கொண்டுவந்து வைப்பாள். அவளுக்கு அது நல்ல வசதி. என்னுடைய சுரண்டு தகடுகள், சின்ன அரங்கள், தேய்க்கும் கட்டைகள் எல்லாம் ஒரு தடித்த துணிச் சுருளில் இருக்கின்றன. அதை அப்படியே கட்டிக்கொண்டு வந்து வைப்பேன். கருவி இல்லாமல் வேலை இல்லை. ஆகவே அந்த மூன்று நாளும் எனக்கும் லீவு. முதலாளி காரணம் கேட்டதில்லை. ஏதோ பண்டிகை என்று மட்டும் அவருக்குத் தெரியும். கருவிகளும் லீவில் போகின்றன என்பது பட்டறையில் யாருக்கும் தெரியாது.

அந்த வருடம் அந்த மூன்று நாளும் திங்கள், செவ்வாய், புதனில் வந்தன. திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். கும்பம் வைத்து, சுருளை வைத்து, பூப் போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அந்த அச்சுப் பலகையளைக் கண்டனீங்களோ? இண்டைக்குக் கழுத்துத் தொடங்கவேணும். ஆணியிலை காணேல்லை."

"வெள்ளிக்கிழமை விளிம்புக்கு வார்னிஷ் பூசச் சொன்னியள். பூசிக் காயவைச்சு, ஆணியிலை மாட்டிப்போட்டுத்தான் வந்தனான்."

"உங்கடை சாமானுக்குள்ளை தற்செயலா..."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பட்டறைச் சாமானை நான் வீட்டுக்குக் கொண்டுவாறேல்லை!" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆணியில் மாட்டியது கண்ணால் கண்டது போல எனக்கு ஞாபகம் இருந்தது. நூல் ஆடியதுகூட ஞாபகம் இருந்தது. பூசை நேரத்தில் கோபம் வந்துவிட்டதே என்ற கவலைதான் எனக்கு அன்றைக்கு இருந்தது, வேறொன்றும் இல்லை.

செவ்வாய் பின்னேரம் முதலாளி மறுபடியும் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. கழுத்துக்காரர் மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டாராம். போகும்போது பட்டறைக் கதவுத் திறப்பை, இனி வரமாட்டேன் என்பதுபோல, மேசையில் வைத்துவிட்டுப் போனாராம்.

"நீங்கள் ஆணியிலை மாட்டினது எண்டால், அது கீழை விழுந்து, தான்தான் கூட்டி அள்ளி அடுப்பிலை போட்டிருக்கவேணும் எண்டு சொல்லுறார். சாம்பலை எல்லாம் கிண்டிப் பாத்தவர். எரிச்சது தனக்கு ஞாபகமே இல்லையாம். அதுதான் தனக்குப் பயமாக் கிடக்கு எண்டார்."

அவருடைய பயம் என்ன என்று எனக்குத் தெரியும். அவருடைய தாய் கடைசி ஐந்து வருடம் என் கணவர் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருந்தவர். ஒவ்வொரு ஞாயிறும் கழுத்துக்காரர் வருவார். தாய் ஒவ்வொரு ஞாயிறும் அவரிடம் நீ யார் என்று கேட்பாராம். இரவுச் சாப்பாட்டின்போது விசயத்தைக் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"தாய்க்கும் இப்பிடித்தான் தொடங்கினது எண்டு அந்த மனிசன் எனக்குச் சொன்னவர்," என்றார். "திறப்பை எங்கை வைச்சது, அடுப்பை நிப்பாட்டினதோ இல்லையோ எண்டு."

பாவம் என்று நினைத்தேன். அவருக்காக சரஸ்வதியிடம் வேண்டிக்கொண்டும் படுத்தேன். நான் வேண்டிக்கொண்டபோது அந்தப் பலகைகள் என் மூக்கு நுனியில் இருந்து இரண்டு முழம் தள்ளி இருந்தன.

புதன் காலை பழைய பூவை எடுத்துவிட்டுச் சுருளுக்குப் புதிதாகச் சந்தனம் வைத்தேன். விரலில் ஒரு விளிம்பு தட்டியது. என் தகடுகளுக்கு அப்படி ஒரு விளிம்பு இல்லை. விரலை இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். உள்ளே வளைந்து போனது. அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. ஆணியில் மாட்டினேன், உண்மை. பிறகு, அவர் கூட்டும்போது எழும் தூசி புது விளிம்பில் படுமே என்று திரும்பக் கழற்றிச் சுருளின் கடைசிப் பைக்குள் செருகினேன். மாட்டியது ஞாபகம் இருந்தது. கழற்றியது போய்விட்டது. ஞாபகம் பிசகியது எனக்கு, திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனது அவர்.

கணவரையும் மகளையும் கூப்பிட்டுச் சொன்னேன். மகள் டேனிஷில், "அவருக்கு இப்பவே போன் எடுங்கோ," என்றாள். எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் சாதாரண நாளிலேயே போனுக்குக் கிட்டப் போகாத மனிதர்.

"சுருளைக் கொண்டுபோய்க் காட்டவேணும்," என்றேன். "ஆனா நாளைக்குக் காலமைவரைக்கும் எடுக்கக் கூடாதே." இத்தனை வருடமாக நான் போட்ட சட்டம். மகள் ஒருமுறை பரீட்சைக்கென்று அழுதபோதும் புத்தகத்தை எடுக்க விடாதவள் நான்.

கணவர் கார்த் திறப்பை என் கையில் வைத்தார். "இஞ்சேரும், அந்த மனிசன் அங்கை தன்ரை மூளை போட்டுது எண்டு நினைச்சுக்கொண்டிருக்குது. சரஸ்வதி உம்மை ஒண்டும் சொல்லமாட்டா. போம்."

சந்தனமும் பூவுமாகச் சுருளைத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்து, பட்டி போட்டேன். அவருடைய வீடு பட்டறைக்கும் அப்பால், வயல்களுக்கு நடுவே. காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. வழி முழுக்க என்ன சொல்வது என்று டேனிஷில் வசனம் அமைத்துக்கொண்டு போனேன். அவர் கதவைத் திறந்ததும் அத்தனையும் மறந்துபோனது.

குசினி மேசையில் கடதாசிகள் பரவிக்கிடந்தன. அவருடைய கையெழுத்து. பட்டறையில் உள்ள கருவிகளின் பேர்கள், அவர் சிறுவயதில் இருந்த தெருக்கள், இத்தனை வருடத்தில் தன்னோடு வேலை செய்த எல்லாருடைய பேர்கள். தன்னைத்தானே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியாக என் பேரும் இருந்தது. இந்த நாட்டில் அலுவலகக் கடிதங்களில்கூட ஒரு எழுத்தாவது பிழைத்துத்தான் வரும் பேர் அது. அவர் பிழையில்லாமல் எழுதியிருந்தார். அதைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீங்கள் எரிக்கேல்லை," என்றேன். "என்னட்டைத்தான் கிடக்கு. நான் மாட்டினது எண்டு சொன்னது பிழை. என்ரை ஞாபகம்தான் பிழை, உங்கடை இல்லை."

சுருளைக் கடதாசிகளுக்கு மேல் வைத்தேன். அவர் அதில் இருந்த பூவையும் மஞ்சள் பொட்டையும் பார்த்தார். நான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். இது எங்கள் பண்டிகை, கருவிகளைத் தெய்வத்துக்கு முன்னால் வைப்போம், நாளைக்குக் காலைவரை தொடக் கூடாது, ஆனால் பரவாயில்லை, இப்போதே அவிழ்க்கிறேன் என்று. முடிச்சில் கை வைத்தேன்.

அவர் என் கையை விலக்கி, "நில்லுங்கோ," என்றார். பெருவிரலைத் துணியின்மேல் வைத்து மெதுவாக நகர்த்தினார். நான் விரல் தட்டி நின்ற அதே இடத்தில் அவருடைய விரலும் நின்றது. வளைவோடு ஒருமுறை போய் வந்தது. பிறகு இன்னொரு முறை.

"இது மேல்முனைக்குரியது," என்றார். "மற்றது இதுக்குக் கீழை கிடக்கு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடியும் கழற்றித் துடைத்தார். "அப்ப நான் எரிக்கேல்லை," என்று சொன்னார். இன்னொரு தடவையும் அதையே சொன்னார்.

நான் திரும்பவும் முடிச்சுக்குப் போனேன். அவர் தன் பெரிய கையை அதன்மேல் பொத்தி வைத்துவிட்டார். "எப்ப அவிழ்க்கலாம் எண்டனீங்கள்?"

"நாளைக்குக் காலமை."

"அப்ப நாளைக்குக் காலமை. பாட்டுக்காரர் ஒரு நாள் பொறுப்பார்." கோப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னார், "என்ரை அம்மா கிறிஸ்மசுக்கும் புதுவருசத்துக்கும் இடையிலை ஈர உடுப்புக் காயப்போட விடமாட்டா. போட்டா வீட்டிலை ஆரும் செத்துப்போவினமாம். கடைசியிலை அவவுக்கு என்னையே தெரியாது. ஆனா அது தெரியும். ஒவ்வொரு டிசம்பரும் இல்லத்திலை நேர்ஸ்மாரை ஏசுவா. நான் இண்டைக்கும் காயப்போடுறேல்லை."

அந்த மனிதர் என்னைத் திட்டியிருக்கலாம். அவருடைய இரண்டு நாளை நரகமாக்கியவள் நான். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் வாசலிலேயே வைத்துக் கத்தியிருப்பேன். அவர் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்து, என் சாமிக்கு ஒரு நாள் தவணையும் தந்தார். என் வாழ்க்கையில் யாருக்கும் இவ்வளவு நன்றியோடு நான் கோப்பி குடித்ததில்லை. அதுவோ சீனி இல்லாத கோப்பி, எனக்கு ஆகாது.

வியாழன் காலை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, சுருளை அவிழ்க்காமலே பட்டறைக்குக் கொண்டுபோனேன். கூடவே ஒரு டப்பாவில் அவலும் கடலையும். அவர் எனக்கு முன்பே வந்து, எங்கள் மேசையில் என் பாதியைத் துடைத்து வைத்திருந்தார். எல்லோருக்கும் முன்னால் என் பிழையைச் சொன்னேன். முதலாளியிடம் கத்தியதற்கும் மன்னிப்புக் கேட்டேன். முடிச்சை அவிழ்த்தேன். இன்றைக்கு ஒரு வேலையைத் தொடங்கினால் நன்றாக வரும் என்று சொல்லி, முதல் கழுத்தை அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் இரண்டு கைப்பிடி வைத்த தன் கத்தியை எடுத்து ஒரு நீள மரச்சுருள் சீவினார். அதை அவர் அடுப்பில் போடவில்லை. முதலாளி அன்று மத்தியானத்துக்குள் அச்சுப் பலகைக்கு மூன்று பிரதி வெட்டி மூன்று இடத்தில் மாட்டினார்.

கிட்டார்கள் குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தன. பெருவிரல் சந்தோசமாக இருக்கிறது என்று பாட்டுக்காரரின் ஆள் ஒரு வரி எழுதியிருந்தார். பிறகு ஒருநாள் மேடையில் அவர் அதை வாசிக்கும் காட்சியை முதலாளி பெரிய திரையில் போட்டார். ஆறு பேரும் கழுத்தைத்தான் பார்த்தோம். அந்த விறைத்த விரல் நாங்கள் சீவிய பக்கத்தில் இளைப்பாறிக்கொண்டு இருந்தது. முடிந்ததும் பாட்டு எப்படி என்று முதலாளி கேட்டார். ஒருவரும் பாட்டைக் கேட்டிருக்கவில்லை.

அடுத்த வருடம் நவராத்திரிக்கு முந்திய வெள்ளிக்கிழமை. நான் சுருளைக் கட்டிக்கொண்டிருந்தேன். கழுத்துக்காரர் பாத்திரம் துடைக்கும் துவாயில் சுற்றிய ஒரு பொதியை என் பாதி மேசையில் வைத்தார்.

"இதுகளுக்கும் லீவு குடுங்கோ," என்றார். "நானும் மூண்டு நாள் எடுத்திருக்கிறன்."

வீட்டில் கும்பத்தடியில் வைத்தபோது துவாயின் மடிப்பில் ஒரு கடதாசி இருந்தது. அவருடைய கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து நிதானமாக. கத்தி ஒன்று. சுரண்டு தகடு இரண்டு. அரம் ஒன்று. அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்து எழுதியிருந்தார்: "அச்சுப் பலகை இல்லை. இரண்டு தடவை பார்த்தேன். நீங்களும் ஒரு தடவை பாருங்கள்."